பிணம் விழுந்தால்தான் எங்கள் கதையா?

2024-இன் சிறந்த பத்துப் படங்கள் என்று நண்பர்கள் போட்ட பட்டியல்கள் எல்லாவற்றிலும் ‘வாழை’ இருந்தது. இருக்க வேண்டிய படம்தான். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் வந்த சுரேஷ் மாரியின் ‘ஜே.பேபி’ ஒன்றில்கூட இல்லை. கேட்டதற்கு, “நீலம் தயாரிச்ச படம்னு சொல்றீங்க, அதுல சாதி எங்க இருக்கு?” என்றார் ஒரு தோழர்.

தார் சுமந்து வீங்கிய தோளும் கவிழ்ந்த லாரியும் இருந்தால் எங்கள் வாழ்க்கை உங்களுக்கு அடையாளம் தெரிகிறது. மனநலம் குன்றி கொல்கத்தாவரை போய்விட்ட அம்மாவை அழைத்துவர, பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு மகன்கள் ரயிலேறினால் அது வெறும் ‘ஃபேமிலி படம்’. ஊர்வசியின் பேபி நச்சரிக்கிறார், பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துகிறார், சிரிக்க வைக்கிறார். பரிதாபம் மட்டும் கேட்பதில்லை. அதுதான் உறுத்துகிறதோ?

‘மெய்யழகன்’ பார்த்து அழுத இதே நண்பர்கள் அதில் சாதி எங்கே என்று தேடவில்லை. தஞ்சாவூரில் பூர்வீக வீட்டை இழந்த துயரம் அவர்களுக்கு மனிதகுலத்தின் பொதுத் துயரம். அப்படியொரு வீடு யாருக்கெல்லாம் இருந்தது என்று கேட்டால் நான் ரசனை கெட்டவன்.

‘ஜே.பேபி’யின் முதல் பாதி இழுவை என்கிறார்கள். ஆமாம், கொஞ்சம் இழுவைதான். வெளியான சில நாட்களிலேயே ‘மெய்யழக’னிலும் 18 நிமிடங்களுக்கு மேல் வெட்டினார்கள். அதற்காக யாரும் அதைப் பட்டியலைவிட்டுத் தூக்கவில்லையே!

என் பட்டியலில் ‘ஜே.பேபி’ முதலிடம். அடுத்து ‘வாழை’, அதற்கடுத்து ‘கொட்டுக்காளி’. மீதி ஏழு இடங்களுக்கு வாருங்கள், சண்டை போடலாம்.