ஜெர்மன் வகுப்பை மூடியது யார்?

"மூன்றாவது மொழி எதுவாகவும் இருக்கட்டும், இந்திதான் வேண்டுமென்று நாங்கள் எங்கே சொன்னோம்?" என்று தேனொழுகப் பேசுகிறார்கள், டில்லி ஆட்சிப் பீடத்திலே அமர்ந்திருப்போர். 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள்: தேர்ந்தெடுப்பது மாநிலங்களும் மாணவர்களும்தானாம்! நம் தோழர்களிலேகூடச் சிலர், "எழுத்திலேயே இருக்கிறதே, பிறகென்ன தகராறு?" என்று கேட்கக்கூடும். ஏட்டை மூடி வைப்போம். டில்லி தானே நடத்தும் பள்ளிகளிலே, பிள்ளைகள் தாமாக விரும்பி ஒரு மொழியை எடுத்தபோது நடந்தது என்ன? அதைப் பார்ப்போம்.

கேந்திரிய வித்யாலயா என்பவை மத்திய சர்க்காரின் பள்ளிகள். பட்டாளத்திலும் மற்ற மத்திய இலாகாக்களிலும் உழைப்போர் ஊர்விட்டு ஊர் மாற்றப்படுகிறார்களே, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக ஏற்பட்டவை. 2011இல் இப்பள்ளிகளின் நிர்வாகம், ஜெர்மனியின் கதே நிலையத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, மூன்றாவது மொழியாகச் சமஸ்கிருதத்துக்குப் பதிலாக ஜெர்மன் படிக்கலாம் என்று கதவைத் திறந்தார்கள். மூன்றே ஆண்டுகளில், ஏறத்தாழ 500 பள்ளிகளில், 70,000 பிள்ளைகள் அந்த வகுப்பிலே! யாரும் பிடித்துத் தள்ளவில்லை, தாமாகப் போனார்கள்.

ஜெர்மன் எளிய மொழி என்றா போனார்கள்? இல்லை. அந்த மொழியிலே மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமியோ அஃறிணை! நம் தமிழாசிரியர் கேட்டால் பிரம்பைத் தேடுவார். ஆனாலும் ஆறுதல் உண்டு: நமக்கு வேற்றுமை எட்டு, அவர்களுக்கு நான்கே. துணை வாக்கியங்களிலே வினைச்சொல் நம்முடையதைப் போலவே கடைசியில் வந்து உட்காருகிறது. முயன்றால் வரும் மொழிதான்.

முயல்வதற்குக் காரணமும் இருக்கிறது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் பட்டப் படிப்பில் பெரும்பகுதி ஜெர்மன் மொழியில். நர்சு வேலைக்குப் போகும் பெண், ஆறு படிகளிலே நான்காவது படிவரை அந்த மொழியைக் கற்றாக வேண்டும். கேரள அரசு 2021இல் ஜெர்மனியோடு ஒப்பந்தம் செய்து செவிலியரை அனுப்ப முற்பட்டது. 2024 அக்டோபரிலே, தொழில் தெரிந்த இந்தியருக்குத் தரும் விசாவை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்தப் போவதாக ஜெர்மன் அரசு அறிவித்தது. சீமான் வீட்டுப் பிள்ளை பணம் கட்டித் தனி வகுப்பிலே படித்துக்கொள்வான். பட்டறைத் தொழிலாளியின் மகனுக்குப் பள்ளியை விட்டால் வேறு வழி ஏது?

அந்த வழியைத்தான் அடைத்தார்கள். 2014 அக்டோபர் 27. கல்வி அமைச்சர் ஸ்மிருதி இரானி அம்மையார் தலைமையில் நிர்வாகக் குழு கூடியது. மூன்றாவது மொழியாக இனி ஜெர்மன் இல்லை, சமஸ்கிருதத்துக்கு மாறுக என்று கட்டளை பிறந்தது. பள்ளி தொடங்கியது ஏப்ரலில். கட்டளை வந்தது பாதி ஆண்டு கழிந்த பிறகு! பெற்றோர் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடினார்கள். ஜெர்மன் தலைவர் மெர்க்கல் அம்மையார், ஆஸ்திரேலியாவில் பிரதமர் மோடியைச் சந்தித்தபோது இதைப் பேசினார். கடைசியில் கிடைத்த சலுகை என்ன தெரியுமா? அந்த ஆண்டுக்கு மட்டும் சமஸ்கிருதத்திலே பரீட்சை இல்லை. மொழி மாற்றமோ மாறவில்லை. விரும்பினால் கூடுதல் பாடமாக ஜெர்மனை வைத்துக்கொள்ளலாமாம். மூன்று மொழிச் சுமை ஏற்கெனவே முதுகில் இருக்கும் பிள்ளைக்கு, நாலாவது மூட்டை!

வேடிக்கை ஒன்று. கதே நிலையத்துக்கு இந்தியாவிலே பெயர் மாக்ஸ் முல்லர் பவன். ரிக் வேதத்தைப் பதிப்பித்த, ஆனால் இந்தியாவுக்கு ஒருநாளும் வந்திராத அந்தச் சமஸ்கிருதப் புலவரின் பெயர்தான் அங்கே பலகையில். அவர் பெயர் தாங்கிய நிலையம் சொல்லித்தந்த பாடத்தைத்தான், சமஸ்கிருதத்தின் பெயராலே வெளியேற்றினார்கள்!

காரணம் கேட்டபோது, மும்மொழித் திட்டத்தைக் காட்டினார்கள். அந்நிய மொழிக்கு அதில் இடமில்லையாம். நல்லது, அந்தத் திட்டத்தையே எடுத்துப் படிப்போம். 1968ஆம் ஆண்டுக் கொள்கை சொல்வது என்ன? இந்தி பேசும் மாநிலங்களிலே, இந்தி, ஆங்கிலம் தவிர இக்கால இந்திய மொழி ஒன்று. அதுவும் தென்னாட்டு மொழியாக இருப்பது விரும்பத்தக்கது. ஜெர்மனை விரட்டச் சட்டம் தேடியவர்கள், அடுத்த வரியை ஏன் படிக்கவில்லை? ஜெர்மன் காலி செய்த பெஞ்சியிலே தமிழையோ தெலுங்கையோ ஏன் உட்கார வைக்கவில்லை? சமஸ்கிருதத்தை இக்கால மொழி என்று எந்தச் சந்தையிலே கேட்டார்கள்?

வடக்கே கிடக்கட்டும். நம் தமிழ்நாட்டு மண்ணில் நடக்கும் கேந்திரிய வித்யாலயாக்களில் தமிழின் நிலை என்ன? போதிய மாணவர் கேட்டால், கூடுதல் பாடமாக, தற்காலிக ஆசிரியரைக் கொண்டு நடத்தலாம் என்பது விதி. இதே மண்ணிலே, 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு தமிழைக் கற்றார். மதம் பரப்ப வந்தவர்தான், நாம் மறைக்கவில்லை. ஆனாலும் கற்றார், அச்சும் ஏற்றினார். கிரௌல் என்ற ஜெர்மானியர் குறளை 1856இல் தம் மொழிக்குக் கொண்டுபோனார். எந்த நிர்வாகக் குழுவும் கட்டளையிடவில்லை.

நாம் ஜெர்மனுக்குக் கொடி பிடிக்கவில்லை. 1968 ஜனவரியில் அண்ணா ஆட்சி சட்டமன்றத்தில் நிறைவேற்றிய தீர்மானப்படி, தமிழும் ஆங்கிலமும் நமக்குப் போதும்; அதற்குமேல் ஜெர்மனோ ஜப்பானோ, வேண்டியவன் படிக்கட்டும், பள்ளி உதவட்டும். கல்விக் கொள்கையை ஏற்காவிட்டால் பணமில்லை என்று 2025இல் டில்லி சொன்னதே, அப்போதும் கூடவே வந்தது இதே இனிய வாசகம்: எந்த மொழி வேண்டுமானாலும்! அதைச் சொல்ல வருகிறவர், 2014இல் ஜெர்மன் புத்தகத்தை மூடி வைத்த 70,000 பிள்ளைகளில் எத்தனை பேரைக் கேட்டு அதைச் செய்தார்கள் என்பதை முதலில் சொல்லட்டும்.