யாருடைய அவசரம்?

மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் நோயைப் பற்றிய பேச்சு ஓய்ந்ததும், அடுத்து எழுவது பெரும்பாலும் சாலையைப் பற்றிய பேச்சுதான். ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வந்தவர், சிக்னலில் பச்சை விழ மூன்று வினாடி இருக்கும்போதே பின்னாலிருந்து ஹாரன் அடித்தவர், இண்டிகேட்டர் போடாமல் சட்டெனத் திரும்பியவர், கண் கூசும்படி ஹை பீம் விளக்குடன் எதிரே வந்தவர், பயணியைக் கண்டதும் நடுச்சாலையிலேயே வண்டியை நிறுத்தியவர் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு பட்டியல் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் சொல்லப்படும் காரணமும் ஒன்றே: அவசரம்.

இந்தக் காரணத்தை நோயாளிகளும் அவர்களுடைய குடும்பத்தினரும் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும். உண்மையான அவசரம் எது என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர்கள் இல்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவில் முதலில் வந்தவருக்கு முதலிடம் என்ற விதி கிடையாது. உரக்கக் குரல் எழுப்புபவருக்கும் முதலிடம் இல்லை. வருபவர்களின் நிலையைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர் சிவப்பு. அவரை உடனே உள்ளே கொண்டுசெல்கிறார்கள். கை எலும்பு முறிந்தவர் வலியோடு காத்திருக்கையில், அவருக்குப் பின் வந்த மாரடைப்பு நோயாளி அவரைக் கடந்து போகிறார். காரணம் புரிவதால் பெரும்பாலோர் அதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

சாலையில் நடப்பது இதற்கு நேர்மாறானது. அங்கே பெரிய வண்டிக்கும், பலத்த ஹாரனுக்கும், கூச்சமற்ற துணிச்சலுக்குமே முதலிடம். யாருக்குத் தேவை அதிகம் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. ஆகையால் பிறர் வண்டி ஓட்டும் முறையை வெறும் நாகரிகக் குறைவு என்று கருதி எரிச்சலடைவதோடு நின்றுவிடக் கூடாது. அந்தத் தவறுகள் ஒவ்வொன்றும், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் ஒருவரிடமிருந்து எதையோ பறித்துக்கொள்கின்றன.

ஹாரனை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனைகளைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பரப்பை அமைதி மண்டலமாக அறிவிக்க, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகைசெய்கின்றன. அத்தகைய இடத்தில் ஒலியின் அளவு பகலில் 50 டெசிபலையும் இரவில் 40 டெசிபலையும் தாண்டக் கூடாது. ஏறக்குறைய இருவர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் அளவு அது. வாயிலுக்கு வெளியே நெரிசலில் நிற்கும் பத்து வண்டிகள் ஒருசேர ஒலி எழுப்பினால் முன்னால் உள்ள வண்டி நகர்ந்துவிடுவதில்லை. ஆனால் மாடியில், அறுவைச் சிகிச்சைக்குப் பின் வலி சற்றுத் தணிந்து அப்போதுதான் கண்ணயர்ந்தவர் விழித்துக்கொள்கிறார். உறக்கமும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை இரவில் நோயாளியின் அருகே அமர்ந்திருந்த எவரும் அறிவார்.

அடுத்தது ஹை பீம். எதிரே வண்டி வரும்போது விளக்கைத் தாழ்த்த வேண்டும் என்பது ஓட்டுநர் உரிமம் பெறும்போதே கற்பிக்கப்படும் பாடம். கண்புரை உள்ளவரின் கண்ணுக்குள் நுழையும் ஒளி சிதறிப் பரவுகிறது. ஆகவே மற்றவருக்கு வெறும் கூச்சமாகத் தோன்றும் வெளிச்சம், அவருக்குச் சில நொடிகள் சாலையையே மறைத்துவிடுகிறது. அந்த நொடிகளில் சாலையோரம் சைக்கிளில் செல்பவர் அவர் கண்ணில் படுவதில்லை. எதிர்த்திசையில் வண்டி ஓட்டுவதும் இத்தகையதே. சாலைத் தடுப்பைச் சுற்றித் திரும்பிவர அரைக் கிலோமீட்டர் ஆகும் என்பதற்காக ஒருவர் தவறான பக்கத்தில் வருகிறார். சாலையைக் கடக்க நிற்கும் முதியவரோ, வண்டிகள் வரவேண்டிய வலப்பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறார். கழுத்துப் பட்டை அணிந்தவரும் ஊன்றுகோலுடன் நடப்பவரும் நினைத்தவுடன் இருபுறமும் திரும்பிப் பார்க்கவோ விலகவோ முடியாது.

இவ்வளவு தீங்குக்கும் ஈடாகக் கிடைக்கும் நேரம்தான் எவ்வளவு? 5 கிலோமீட்டர் தொலைவை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஏழரை நிமிடம் ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 5 நிமிடம். மிச்சமாவது இரண்டரை நிமிடம். அதையும் நகரத்துச் சிக்னல்கள் முழுமையாக விட்டுவைப்பதில்லை. ஆனால் மோதல் நேர்ந்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்த வண்டியின் இயக்க ஆற்றல் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் சாலை விபத்துகளில் 17,884 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. அதே ஆண்டில் நாடு முழுவதும் நேர்ந்த சாலை மரணங்களில் பத்தில் ஏழுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியிருக்கிறது.

அவசரம் என்ற சொல்லுக்கு உண்மையில் உரிய வாகனம் ஆம்புலன்ஸ்தான். அதற்கு வழிவிடாதவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இடமளிக்கிறது. இருந்தும், வழிவிட மனமில்லாதவர்களைவிட, எப்படி வழிவிடுவது என்று தெரியாதவர்களே அதிகம் என்று தோன்றுகிறது. சைரன் கேட்டதும் பதறி நடுவிலேயே பிரேக் போடக் கூடாது. இண்டிகேட்டர் போட்டு, மெல்ல இடப்பக்கம் ஒதுங்கி, ஆம்புலன்ஸ் கடக்கும் வரை நின்றால் போதும். அதைவிட வெறுக்கத்தக்கது, ஆம்புலன்ஸ் சென்ற இடைவெளியில் அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு விரையும் பழக்கம். முன்பின் அறியாத ஒருவரின் உயிர்ப் போராட்டத்தைத் தனக்குக் கிடைத்த குறுக்கு வழியாகப் பயன்படுத்துவதற்கு வேறு பெயர் இல்லை.

சாலைகள் சரியில்லை, நடைபாதைகளைக் கடைகள் பிடித்துக்கொண்டுள்ளன, காவலர் இல்லாத இடத்தில் ஒழுங்கும் இல்லை என்று சிலர் மறுமொழி கூறுவார்கள். அவை மெய்யே, அரசும் மாநகராட்சியும் அவற்றைச் சரிசெய்தாக வேண்டும். ஆனால் குண்டும் குழியுமான சாலை எவரையும் ஹை பீம் போடச் சொல்வதில்லை.

இன்னொரு மறுமொழி இதைவிடக் கனமானது. "வண்டியில் நோயாளி இருக்கும்போது விதியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?" என்று கேட்பவரின் தவிப்பை யாரும் குறைத்து மதிப்பிட இயலாது. ஆயினும் நோயாளியின் நிலை அவ்வளவு மோசமானது என்றால், பதற்றத்தில் இருக்கும் மகன் ஓட்டும் காரைவிட 108 ஆம்புலன்ஸே பெரும்பாலும் அவருக்குப் பாதுகாப்பானது. 2008 முதல் தமிழ்நாட்டில் இயங்கிவரும் அந்தச் சேவைக்குக் கட்டணம் கிடையாது. அதில் பயிற்சி பெற்ற உதவியாளரும் ஆக்சிஜனும் உண்டு. நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றால், விதியை மீறத் தேவையும் இல்லை.

பிறருடைய பழக்கங்களைக் குறை கூறும் நாம், மருத்துவமனைக்கு வந்துபோகும் நாட்களில் நமக்கே உரிய சில ஆபத்துகளையும் நினைவில் கொள்ள வேண்டும். இரண்டு இரவுகள் வார்டுக்கு வெளியே பாயில் புரண்டுவிட்டு, விடியற்காலையில் இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பும் உறவினர், மற்றவர் கண்ணுக்குத் தள்ளாடும் ஓட்டுநராகவே தெரிவார். தூக்கத்தை வரவழைக்கும் சளி மருந்துகளும் வலி மருந்துகளும் உண்டு; மருந்து வாங்கும்போதே வண்டி ஓட்டலாமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. மயக்க மருந்து பெற்றவர் குறைந்தது 24 மணி நேரம் வண்டியைத் தொடக் கூடாது. கண் பரிசோதனைக்காகப் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து இட்டபின் சில மணி நேரம் பார்வை தெளிவாக இராது. அன்று துணைக்கு ஒருவரை அழைத்து வருவதே முறை.

மோசமாக ஓட்டுபவரை எதிர்கொள்ளும்போது பதிலுக்கு ஹாரன் அடிப்பதும் விரட்டிச் சென்று முறைப்பதும் எந்தப் பயனும் தருவதில்லை. கோபத்தில் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. இதய நோயாளிக்கு அது கண்கூடான நஷ்டம். அவரை முன்னே போகவிட்டு இடைவெளியைக் கூட்டிக்கொள்வதே தற்காப்பு. அதைத் தோல்வி என்று எண்ண வேண்டியதில்லை. பின்னால் வந்தவரை முன்னே அனுப்பிவிட்டுக் காத்திருப்பது, இங்கு வந்துபோகும் நமக்குப் புதிதும் அல்ல.

வீதி முழுவதையும் நம்மால் திருத்த முடியாது. ஆனால் இந்த மருத்துவமனையின் வாயிலுக்கு முன் உள்ள நூறு மீட்டர் நம் கையில் இருக்கிறது. அங்கே ஹாரனைத் தொடாமல் இருப்போம். நோயாளியை இறக்கியதும் வண்டியை நகர்த்திவிட்டுப் பிறகு பையை எடுப்போம். ஆம்புலன்ஸ் நுழையும் பாதையில், 'இரண்டே நிமிடம்' என்று சொல்லி வண்டியை நிறுத்தாமல் இருப்போம். அந்த இரண்டு நிமிடம் அப்போது வந்துகொண்டிருக்கும் ஒருவருடையது.