கையைக் கட்டினால் பேச்சு வருமா?

பக்கவாதத்தில் மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் சிலருக்குப் பேச்சு போய்விடும். அஃபேசியா என்பார்கள். என்ன வேண்டும் என்று தெரியும், "தண்ணி" என்ற சொல்தான் கிடைக்காது.

பயிற்சி கொடுப்பதில் இரண்டு கட்சி உண்டுங்க. 2001-ல் ஜெர்மனியில் புல்வெர்முல்லர் குழு சோதித்தது ஒன்று. சீட்டு விளையாட்டு, நடுவில் தடுப்பு. சைகை கூடாது, வேண்டிய சீட்டை வாயால்தான் கேட்கணும். தினம் 3 மணி நேரம், 10 நாள். இன்னொரு கட்சியோ சைகை, படம், எழுத்து என்று எதைப் பிடித்தாவது சொல்லுக்கு வந்து சேர் என்கிறது. (1973-ல் வந்த, ராகம் போட்டுச் சொல்லவைக்கும் முறை தனிக்கதை.)

முதல் கட்சி மேல் எனக்குக் கொஞ்சம் கோபம். பேச்சு போனவருக்கு மிச்சம் இருப்பதே கைதான், அதையும் பிடுங்குவானேன்?

2022-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு 216 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டது. இரண்டு வாரத்தில் 30 மணி நேரம். மொத்த மொழித்திறன் மதிப்பெண்ணில் இரண்டுமே வழக்கமான சிகிச்சையைத் தாண்டவில்லை. ஆனால் சொல்லைத் தேடி எடுப்பதிலும் அன்றாடப் பேச்சிலும் இரண்டுமே முந்தின. கையை விட்டுவைத்ததால் பெரிதாக எதுவும் குடிமுழுகிவிடவில்லை!

என்னைக் கேட்டால், முறையைவிட நேரத்துக்குத்தான் சண்டை போடணும். 2017-ல் வந்த ஜெர்மன் ஆய்வில், பக்கவாதம் வந்து ஆறு மாதம் தாண்டியவர்களுக்கே வாரம் 10 மணி நேரமாவது என்று 3 வாரம் கொடுத்தபோது பேச்சு தேறியது. வாரத்துக்கு அரை மணி நேரம் கொடுத்தால் எந்த முறைதான் என்ன செய்யும்? உங்கள் வீட்டில் யாருக்காவது தெரபி என்றால், எத்தனை மணி நேரம் என்று முதலில் கேளுங்க.