சிற்றிலை உதைப்பவன் பக்கம்

எதிரி இல்லாவிட்டால் அது விளையாட்டே அல்ல என்னும் வாதம் இலக்கிய நண்பர்களிடையே வெகு சுலபமாகச் செல்லுபடியாகிறது. கணினி விளையாட்டை ஏறெடுத்தும் பார்க்காதவர்கள்கூட, ஆடுபவர்கள் ஒருவரையொருவர் தாக்க முடியாதபடி அமைக்கப்பட்ட கூட்டு ஆட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், குழந்தைகள் மணல்வீடு கட்டுவது போலத்தானே என்று முடித்துவிடுகிறார்கள். உவமை சரியானது. அதை இகழ்ச்சியாகச் சொல்வதைத்தான் நான் மறுக்கிறேன்.

மைன்கிராஃப்ட் 2011இல் முழு வடிவில் வெளியானது. மரம் வெட்டி, குடில் கட்டி, பசியையும் இருளையும் சமாளித்து உயிரோடிருக்க வேண்டும். பலர் சேர்ந்து ஆடும் உலகைத் தாங்கும் கணினிக்கு வழங்கி என்று பெயர். சர்வர் என்றால் எல்லோருக்கும் புரியும். அதை நடத்துபவர் ஒரே ஓர் அமைப்பை மாற்றினால் போதும், மனிதரை மனிதர் காயப்படுத்த முடியாது. அப்படிச் செய்த பின்னும் அபாயம் அப்படியே இருக்கிறது. இரவைத் தாண்டிக் குதிக்க வேண்டுமானால், இயல்பான விதிப்படி அந்த உலகிலுள்ள அனைவரும் படுக்கையில் படுத்தாக வேண்டும். ஒருவர் சுரங்கத்தில் இருந்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். இந்தக் காத்திருப்பில் நாடகம் இல்லை என்று சொல்பவருக்கு நாடகம் என்றால் வாள்சண்டை மட்டும்தான் போலும்.

கனடாவின் க்ளே நிறுவனம் 2016இல் வெளியிட்ட ‘டோன்ட் ஸ்டார்வ் டுகெதர்’ இன்னும் கறாரானது. அதில் இறந்தவர் ஆவியாகத் திரிவார். அவர் திரியும்வரை உயிரோடிருப்பவர்களின் மனநிலை தேய்ந்துகொண்டே வரும். அவரை மீட்கும் இதயத்தைச் செய்ய, செய்பவர் தன் உடல்நலத்தில் 40 புள்ளிகளை இழக்க வேண்டும். மறுபுறம், 2018இல் முழுமை பெற்ற ‘ரஸ்ட்’டில், நாம் கணினியை மூடிவிட்டு உறங்கப் போனாலும் நம் உருவம் அங்கேயே படுத்திருக்கும். வருகிறவன் கதவை உடைத்துக் கொன்றுவிட்டுப் போகலாம். பப்ஜியில் 100 பேர் குதித்து ஒருவர் மிஞ்சுகிறார். இதற்கும் உயிர்பிழைத்தல் என்றே பெயர். எங்கள் பேச்சுவழக்கில் பிழைப்பு என்ற சொல்லுக்கு ஊரில் மிச்சமுள்ள 99 பேரும் செத்துப்போவது என்ற பொருள் ஒருநாளும் இருந்ததில்லை.

மணல்வீட்டுக்கு வருகிறேன். சிற்றில் இழைப்பதும் சிறுசோறு ஆக்குவதும் நம் மரபில் ஆதாரமான விளையாட்டுகள். யாரும் தோற்காத ஆட்டங்கள் அவை. ஆனால் ஆண்பால் பிள்ளைத்தமிழ் தன் பத்துப் பருவங்களில் ஒன்றைக் கட்டியவர்களுக்குத் தரவில்லை, சிதைக்க வருபவனுக்குத் தந்தது. சிறுமியர் கெஞ்ச வேண்டும், பாட்டுடைத் தலைவன் உதைக்க வேண்டும். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழியிலும் கெஞ்சல்தான், ஆனால் அங்கே கட்டியவளின் குரலில் சலிப்பும் உழைப்பின் வலியும் உண்டு. குறிஞ்சிக் கலியில் சிற்றிலை மிதித்தவனே பின்னர் காதலனாகிறான். கவிஞர்கள்மீது எனக்குக் குறை இல்லை. உரை சொல்லியே பழகிய நாம், கட்டியவளின் முதுகுவலியைத் தாண்டி உதைத்தவனின் குறும்பை மட்டும் நூற்றாண்டுகளாக ரசித்துவந்தோம். இன்று வழங்கிகளில் பிறர் கட்டியதை இடித்துவிட்டுச் சிரிப்பவனை ‘சுவாரசியமான ஆட்டக்காரன்’ என்பதும் அதே ரசனைதான்.

நான் இருக்கும் செட்டிகுளம் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன ஊர். அறுத்து உலர்த்திய வெங்காயத்தைக் காற்றோட்டமான பட்டறையில் ஏற்றிக் காப்பார்கள். வானம் கறுத்துவிட்டால் பக்கத்து வயல்காரரும் வந்து கூடை தூக்குவார். சந்தையில் விலை சரியும் நாளில் அதே இருவரும் போட்டியாளர்கள்தான்; கிராமத்தைப் பற்றிப் பொய்ச்சித்திரம் தீட்ட எனக்கு ஆசையில்லை. ஆனால் மழைக்கு முந்தைய அந்த ஒரு மணி நேரத்தில் பதற்றம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. எதிரே மனிதன் இல்லாததால் அது சாரமற்றுப் போய்விடவில்லை.

கூட்டு வழங்கிகளில் குறை இல்லாமல் இல்லை. பொதுப்பெட்டியில் எடுப்பவர் பலர், வைப்பவர் சிலர். நடத்துபவர் குட்டி ஜமீன்தாராகிவிடுவதும் உண்டு. இவை பேசித் தீர்க்க வேண்டிய பூசல்கள். பேசித் தீர்ப்பதும் அங்கே ஆட்டத்தின் பகுதி. போட்டி வழங்கியில் திருட்டே விதி என்பதால் பேச எதுவும் மிஞ்சுவதில்லை.

2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணையவழி விளையாட்டுச் சட்டம், அணிகள் மோதும் மின்விளையாட்டுக்குப் போட்டி விளையாட்டு என்ற தகுதியைக் கொடுத்தது. பணம் புரளாத மற்றவற்றைச் சமூக விளையாட்டு என்று பொழுதுபோக்கின் கணக்கில் சேர்த்தது. அவற்றையும் ஊக்குவிக்கலாம் என்று சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் கோப்பையும் மேடையும் எந்தப் பக்கம் போகும் என்று ஊகிக்க ஜோதிடம் தேவையில்லை. மாவட்டத்துக்கு ஒரு நூலகத்திலாவது பிள்ளைகளுக்கான கூட்டு வழங்கி ஒன்றை நடத்தலாம். பணச்சாக்குச் சொல்ல வழியில்லை. 2024 வரை மைன்டெஸ்ட் எனப்பட்ட லுவான்டி கட்டற்ற மென்பொருள், பழைய கணினியிலும் ஓடும். தாக்குதலை நிறுத்திவைக்கும் வசதி அதில் ஏற்கெனவே இருக்கிறது.