மூளைக் காய்ச்சல்: ரத்தம் மட்டும் பார்த்தா போதுமா?

"டாக்டர், முதுகுல ஊசி மட்டும் வேணாம். ரத்தம் எத்தனை தடவை வேணும்னாலும் எடுத்துக்குங்க."

காய்ச்சல், ஃபிட்ஸ், சம்பந்தமில்லாத பேச்சுன்னு பிள்ளையைத் தூக்கிட்டு வர்ற வீட்டார் சொல்றது இது. பயம் புரியுது. ஆனா இந்த நோயில் ரத்தம் பாதிக் கதையைத்தான் சொல்லும்.

மூளை வீக்கம் வர முக்கியமா இரண்டு வழி. ஒன்று, ஹெர்பிஸ் மாதிரி வைரஸ். இன்னொன்று, நம் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்குவது. இதில் அதிகம் பேசப்படும் என்எம்டிஏ வகையை டால்மாவ் குழுவினர் விவரித்ததே 2007இல்தான். அதுக்கு முன்னாடி எத்தனை பேரை மனநோய், பேய்னு சொல்லி அனுப்பியிருப்போமோ!

வைரஸுக்கு அசைக்ளோவிர். மற்றதுக்கு ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின். சில பெண்களுக்குச் சினைப்பைக் கட்டியையும் எடுக்கணும். வைத்தியமே வேற வேற.

சாதாரண ரத்தப் பரிசோதனையில் வரும் நியூட்ரோஃபிலை லிம்போசைட்டால் வகுத்து, அந்த விகிதத்தை வைத்து இரண்டையும் பிரிக்கலாமா என்று ஆய்வுகள் வருகின்றன. சின்ன ஆஸ்பத்திரியிலும் செய்யலாம், செலவும் இல்லை. எனக்கும் ஆசைதான். ஆனா ஃபிட்ஸ் வந்தாலே அந்த எண் ஏறலாம். வர்ற வழியில் யாரோ போட்ட ஒரு ஸ்டீராய்டு ஊசியும் ஏத்திவிடும். உடம்பு போராடுதுன்னு அது சொல்லும், யாரோடன்னு சொல்லாது.

சரி, ஆன்டிபாடியை நேரடியா ரத்தத்தில் தேடலாமே? தேடுவோம். ஆனா 2014இல் வந்த பெரிய ஆய்வில், என்எம்டிஏ நோயாளிகள் எல்லாருக்கும் தண்டுவட நீரில் ஆன்டிபாடி இருந்தது. ரத்தத்தில் தேடினப்போ ஏழில் ஒருவருக்குத் தெரியவே இல்லை. அந்த ஒருத்தர் உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா? ஹெர்பிஸ் பிசிஆரும் அந்த நீரில்தான் செய்யணும்.

"கால் விளங்காமப் போயிடும்"னு பயப்படாதீங்க. பெரியவங்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே முடிஞ்சிடும். ஊசி அதுக்குக் கீழே போகுது. குழந்தைகளுக்கு இன்னும் கீழே பார்த்துப் போடுவோம். சில நாள் தலைவலி வரலாம். மூளையில் அழுத்தம் இருக்குமோன்னு சந்தேகம் வந்தா முதலில் ஸ்கேன் எடுப்போம்.

ஆன்டிபாடி ரிசல்ட் வர நாளாகும். அதுவரை கை கட்டி நிற்கிறதில்லை, அசைக்ளோவிரை உடனே ஆரம்பிச்சிடுவோம். விகிதக் கணக்கை நம்புறதைவிட, இந்த டெஸ்ட்டை ஒவ்வொரு மாவட்டத்திலும் இலவசமா, சீக்கிரமா கிடைக்கச் செய்யணும் என்பதுதான் என் கோரிக்கை.

இன்னொன்னு. ஹெர்பிஸ் குணமாகி வீட்டுக்குப் போன சிலருக்கு, சில வாரத்தில் இரண்டாவது வகை தொடங்கும். பிள்ளை திடீர்னு தூங்காம, முரட்டுத்தனமா, கை கால் தானா ஆடுற மாதிரி மாறினா, "பழைய நோயோட மிச்சம்"னு விட்டுடாதீங்க. அன்னைக்கே திரும்பக் கூட்டிட்டு வாங்க.