பதினேழு குளிசையும் மூன்று கிழமையும்



போன கிழமை செவ்வாய், மூன்றாம் பாடவேளை. ஒரு மாணவன் எழுந்து, "சேர், அந்த ஜன்னலைச் சாத்தவா?" என்று கேட்டான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். இந்த வருடம் ஓ/எல் எழுத இருக்கும் பிள்ளை. எங்கள் ரக்பி அணியில் ஆடுகிறவன். சனிக்கிழமை மெட்ச்சில் டெக்கிள் பண்ணப் போன இடத்தில் எதிரணிப் பையனின் முழங்கால் அவன் தலையில் பட்டிருக்கிறது. இரண்டு நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப உள்ளே போய் மெட்ச் முடியும்வரை ஆடியிருக்கிறான். திங்கட்கிழமை பிரக்டிஸுக்கும் போயிருக்கிறான்.

"டாக்டரிடம் காட்டினீங்களா மகன்?"

"தேவையில்லை சேர். ஒமேகா எடுக்கிறேன்."

பையிலிருந்து போத்தலை எடுத்துக் காட்டினான். அதில் மூளையின் படம் பெரிதாகப் போட்டிருந்தது.

உம்மாவுக்கு அழைத்துக் கதைத்தோம். (அவருடைய அனுமதியுடன்தான் இதை எழுதுகிறோம்.) ஒரு வட்ஸ்அப் குழுமத்தில் வந்த செய்தியைப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். "தலையில் அடிபடும் விளையாட்டு வீரர்களின் மூளையை ஒமேகா 3 பாதுகாக்கும், அமெரிக்காவில் பரிசோதித்து நிரூபித்துவிட்டார்கள்" என்று அதில் இருந்ததாம். வாப்பா கட்டாரில் இருந்து அனுப்பும் காசில் மாதம் ஒரு போத்தல். "அவனுக்கு நல்லம் என்றுதானே சேர் வாங்கினோம்" என்றார். அவரில் ஒரு பிழையும் இல்லை. மகன் விளையாட்டை விடமாட்டான், தலைக்கு ஏதாவது பாதுகாப்புக் கொடுப்போம் என்று நினைத்த ஒரு தாய் அவர்.

நாங்கள் டாக்டர்கள் அல்ல. ஆனால் ஆசிரியர் அறையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் இருவரும் ஆங்கிலம் படிப்பிக்கும் ஒருவரும் சேர்ந்து, அந்த அமெரிக்க ஆய்வைத் தேடி எடுத்து இரண்டு நாளாக வாசித்தோம். அதைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

அந்தச் செய்தி முழுப் பொய் அல்ல. அப்படி ஓர் ஆய்வு உண்மையிலேயே நடந்து 2016இல் வெளியானது. அமெரிக்கன் ஃபுட்போல் ஆடும் 81 பல்கலைக்கழக வீரர்களைப் பிரித்து, ஒரு சாராருக்கு மருந்தில்லாத போலிக் குளிசையும், மற்றவர்களுக்குத் தினமும் 2, 4 அல்லது 6 கிராம் டிஎச்ஏயும் கொடுத்தார்கள். மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா 3 வகைகளில் டிஎச்ஏயும் ஒன்று. சீசன் நெடுக இரத்தம் எடுத்து, நியூரோஃபிலமென்ட் லைட் என்ற ஒரு புரதத்தை அளந்தார்கள். நரம்பு இழைகள் சேதப்படும்போது அவற்றிலிருந்து கசிந்து இரத்தத்திற்கு வரும் புரதம் அது. டிஎச்ஏ எடுத்தவர்களிடம் அந்தப் புரதம் கூடியது குறைவு. நல்ல செய்திதான். மேலும் ஆராய வேண்டிய விடயமும்தான்.

ஆனால் ஓட்டுக் கூரை ஒழுகும்போது வாளியில் விழுந்த தண்ணீரை அளப்பது போன்றது இது. வாளியில் தண்ணீர் குறைவு என்றால் ஒரு நல்ல அறிகுறி, அவ்வளவுதான். அந்த வீரர்களுக்கு மூளை அதிர்ச்சி வருவது குறைந்தது என்றோ, பத்து வருடம் கழித்து அவர்களின் ஞாபகசக்தி நன்றாக இருக்கும் என்றோ அந்த ஆய்வு சொல்லவில்லை. அதில் இருந்தவர்கள் வளர்ந்த ஆண்கள். நம் பிள்ளைக்கு வயது பதினாறு.

அடுத்தது அளவு. இதைக் கணக்குப் பாட ஆசிரியரிடமே கொடுத்தோம். பாமசியில் கிடைக்கும் சாதாரண 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய்க் குளிசை ஒன்றில் டிஎச்ஏ ஏறத்தாழ 120 மில்லிகிராம். ஆய்வில் கொடுத்த ஆகக் குறைந்த அளவான 2 கிராமுக்கே நாளுக்குப் பதினேழு குளிசை விழுங்க வேண்டும்! நம் மாணவன் காலையில் ஒன்று, இரவில் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தான். அப்படியென்றால் அந்த வட்ஸ்அப் செய்தி சொன்ன பரிசோதனைக்கும் அந்தப் போத்தலுக்கும் என்ன சம்பந்தம்? (இதை வாசித்துவிட்டு யாரும் பதினேழு கொடுக்கத் தொடங்கிவிடாதீர்கள், தயவுசெய்து.)

2013ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விட்டது. மூளை அதிர்ச்சியைத் தடுக்கும், சீக்கிரம் குணமாக்கும் என்று சொல்லி விற்கப்படும் சப்ளிமென்ட்களுக்கு ஆதாரம் இல்லை என்றது. மஞ்சளையும் மீன் எண்ணெய் ஒமேகாவையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. அவர்களின் பெரிய பயம் குளிசையின் பக்க விளைவு அல்ல. குளிசையை நம்பி, மூளை ஆறும் முன்பே பிள்ளை கிரவுண்டுக்குத் திரும்பிவிடுவான் என்பதுதான். எங்கள் வகுப்பில் நடந்ததும் அதுவேதான்.

மூளை அதிர்ச்சி வர மயங்கி விழ வேண்டியதில்லை. ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தலையிடி, வெளிச்சம் பிடிக்காமை, மந்தம், எரிச்சல், படித்தது மனதில் நிற்காமை, இவைதான் அடையாளம். பெரியவர்களுக்கு இரண்டு கிழமையில் ஆறுவது பிள்ளைகளுக்கு நான்கு கிழமை வரை இழுக்கலாம். அது ஆறும் முன் இரண்டாவது அடி விழுந்தால், அரிதாகவென்றாலும், மூளை திடீரென்று வீங்கி உயிரே போகலாம். அப்படிப் போனவர்களில் அதிகம் பேர் இளம் வயதினர். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

"சும்மா எடுத்தால் என்ன நட்டம்?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். நட்டம் வரலாம். ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வுகூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களைச் சோதித்தது. 94இல், லேபலில் எழுதாத ஸ்டெரொய்ட் வகைகள் இருந்தன. மீன் எண்ணெயில் அந்த ஆபத்துக் குறைவு. ஆனால் "பிரெய்ன்", "பவர்" என்று பெயர் வைத்து பத்துச் சாமானைக் கலந்து விற்கும் தூள்களில் என்ன இருக்கிறது என்பதற்கு யார் பொறுப்பு? நம் நாட்டு உபுல் தரங்கவை மறந்திருக்க மாட்டீர்கள். 2011 உலகக் கிண்ணத்தின்போது ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கி மூன்று மாதத் தடை வாங்கினார். தோள்பட்டை நோவுக்கு எடுத்த மூலிகை மருந்துதான் காரணம். வேண்டுமென்று செய்யவில்லை என்பதை விசாரித்தவர்களே ஏற்றுக்கொண்டார்கள். தடை மட்டும் வந்தது. தேசிய அணி வீரருக்கே அந்த நிலை என்றால் பாடசாலைப் பிள்ளைக்கு?

இன்னொரு சின்ன விடயம். அந்தக் குளிசையின் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டின். மாட்டினதா, பன்றியினதா, மீனினதா என்று போத்தலைத் திருப்பிப் பாருங்கள். பிஸ்கட் பக்கற்றில் தேடுகிறோம், குளிசையில் தேடுவதில்லை.

பரிசோதனையே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அதற்கு நேர்மாறு. தலை அடிபடும் விளையாட்டுகளை ஆடும் பிள்ளைகளிடம் ஒமேகாவோ கிரியேட்டினோ உண்மையில் வேலை செய்கிறதா என்பதை யாராவது ஒழுங்காகப் பார்க்கத்தான் வேண்டும். நம் மருத்துவ பீடம் ஒன்று அப்படி ஓர் ஆய்வுடன் எங்கள் பாடசாலைக் கதவைத் தட்டினால் நாங்களே பெற்றோர்களைக் கூட்டித் தருவோம். ஆனால் அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு இலக்கம் வேண்டும். பெற்றோரின் கையெழுத்தோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். யாருக்கு உண்மைக் குளிசை, யாருக்குப் போலி என்பது கோச்சுக்கும் தெரியக்கூடாது. எத்தனை அடி விழுந்தது என்பதை யாராவது ஒவ்வொரு மெட்ச்சிலும் எழுதி வைக்க வேண்டும். இன்றைக்கு நம்மிடம் அந்தக் கடைசி விடயம்கூட இல்லை. சனிக்கிழமை நம் மாணவனுக்கு அடிபட்டது எந்தக் கொப்பியிலும் இல்லை. ஆக, இப்போது நடப்பதும் ஒரு பரிசோதனைதான். அளப்பவர் இல்லை, பதிபவர் இல்லை, செலவு மட்டும் பெற்றோருடையது.

மீன் சாப்பிடக் கொடுங்கள். சாளை, சூடை, கும்பளா எல்லாவற்றிலும் ஒமேகா இருக்கிறது. அது உடம்புக்கு நல்லது. தலையில் விழும் அடியைத் தடுக்கும் என்று அதையும் சொல்லமாட்டோம். எங்களில் ஒருவர் பல வருடமாக மீன் எண்ணெய்க் குளிசை போடுகிறவர். இவ்வளவும் வாசித்த பிறகும் விடமாட்டாராம். அவர் ரக்பி ஆடுவதில்லை, போடட்டும்.

இதைவிடச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. பிரித்தானியாவில் 2023இல் எல்லா அடிமட்ட விளையாட்டுகளுக்கும் ஒரே வழிகாட்டலைக் கொண்டுவந்தார்கள். சந்தேகம் என்றாலே பிள்ளையை வெளியே எடு, அன்றைக்குத் திரும்ப அனுப்பாதே. ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு மெதுவாகப் படிப்பு, பிறகு இலேசான ஓட்டம். ஆகக் குறைந்தது 21 நாளைக்குப் போட்டி இல்லை. மூன்று கிழமை. இதற்குப் போத்தலும் வேண்டாம், கட்டார் காசும் வேண்டாம். அரையிறுதியாக இருந்தாலும் "இவன் ஆடமாட்டான்" என்று சொல்ல ஒரு பெரியவர் வேண்டும். அந்த ஒருவர்தான் அன்று நம் கிரவுண்டில் இருக்கவில்லை. வெளியே நின்று கத்தியவர்களில் நாங்களும் இருந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

வரும் வியாழன் பழைய மாணவர்களுடன் கூட்டம் இருக்கிறது. அணிக்கு மொத்தமாகச் சப்ளிமென்ட் வாங்கித் தரச் சிலர் முன்வந்திருக்கிறார்கள். அவர்களின் மனது பெரியது, அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். அந்தக் காசில் ஒவ்வொரு மெட்ச்சுக்கும் முதலுதவி படித்த ஒருவரை நிறுத்தவும், அவருடைய சொல்லைக் கோச்சும் மீறக்கூடாது என்று எழுதி வைக்கவும் கேட்கப் போகிறோம். பெற்றோர்கள் நாலு பேராவது வந்து பின்வரிசையில் உட்காருங்கள்.

மாணவனை டாக்டர் பார்த்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். இன்றைக்கு ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தான். சனிக்கிழமை மெட்ச்சுக்குப் பேரைப் போடச் சொல்லி இடைவேளையில் வந்து கெஞ்சினான். இன்னும் பதினொரு நாள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினோம்.