"நாலு வாரத்துல முடிச்சிடலாம் சார்!" - பாம்பன் பாலமும் எங்க ப்ராஜெக்ட்டும்

போன செமஸ்டரில் நான் சொன்ன பெரிய பொய் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: "நாலு வாரத்துல முடிச்சிடலாம் சார்."

பொய் என்று தெரிந்து சொல்லவில்லை. மனசார நம்பித்தான் சொன்னேன். பிரச்சினையே அதுதான்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட். நாங்கள் நான்கு பேர். விசைப்படகுகளுக்குக் கணக்கு வைக்க ஒரு மொபைல் ஆப். டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, மீன் ஏலத்தில் என்ன விலைக்குப் போச்சு, செலவு போக ஆளுக்கு என்ன பங்கு... பாம்பனில் இருக்கும் என் சித்தப்பா இதையெல்லாம் இன்றைக்கும் நோட்டில்தான் எழுதுகிறார். அதைப் போனில் கொண்டுவந்தால் போதும் என்று நினைத்தோம். என்ன பெரிய கஷ்டம்?

கைடு கேட்டார், "எப்பப்பா முடியும்?" அடுத்த ரிவ்யூ ஒரு மாதம் கழித்து இருந்தது. வாயில் வந்தது நாலு வாரம். கவனியுங்கள், இந்த நாலு வாரம் வேலையைப் பார்த்து வந்த எண் இல்லை. ரிவ்யூ தேதியைப் பார்த்து வந்த எண். :-)

முடிந்தது பதினோராவது வாரத்தில்.

அஜைல் செய்தோம், ஆனாலும்...

"ஒழுங்கா அஜைல் முறையில செஞ்சிருக்கணும்" என்று சிலர் சொல்வீர்கள். செய்தோமே! வாரம் ஒரு ஸ்ப்ரிண்ட். சுவரில் மஞ்சள் ஸ்டிக்கர். ப்ளானிங் போக்கர்கூட விளையாடினோம். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு உழைப்பு தேவை என்று எல்லோரும் தனித்தனியாக யோசித்து, 1, 2, 3, 5, 8, 13 என்று எண் போட்ட சீட்டில் ஒன்றை ஒரே நேரத்தில் திருப்பிக் காட்ட வேண்டும். ஜேம்ஸ் கிரென்னிங் 2002-இல் சொன்ன முறை. மைக் கோன் 2005-இல் எழுதிய புத்தகம் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. இந்த எண்களுக்குப் பெயர் ஸ்டோரி பாயின்ட்.

எங்கள் மொத்த வேலை 120 பாயின்ட். நாலு வாரம். ஆக, வாரத்துக்கு 30. கணக்கு அழகாக உட்கார்ந்தது. உட்காராமல் எப்படி இருக்கும்? நாலால் வகுத்ததே நாங்கள்தானே!

முதல் வாரம் முடித்தது 17 பாயின்ட். "முதல் வாரம்தானே, விட்டதைப் பிடிச்சிடலாம்" என்று இரண்டாம் வாரத்துக்கு 34 எழுதினோம். முடித்தது 16.

அன்றைக்கே ஒரு கால்குலேட்டரை எடுத்திருந்தால் போதும். மீதி 87 பாயின்ட், வாரத்துக்குப் பதினாறு பதினேழு. இன்னும் ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும் என்று பளிச்சென்று தெரிந்திருக்கும். தெரிந்துகொள்ள நாங்கள் விரும்பவில்லை. கைடிடம் "போயிட்டு இருக்கு சார்" என்றேன்.

இது எங்களுடைய தனி வியாதி இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல். கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இலேயே இதற்கு 'ப்ளானிங் ஃபாலஸி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1994-இல் புயூலர், கிரிஃபின், ராஸ் ஆகிய மூவர் 37 மாணவர்களிடம், "உங்கள் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள்?" என்று கேட்டார்கள். சராசரி பதில் 33.9 நாள். "எல்லாமே படுமோசமாகப் போனால்?" என்று கேட்டதற்கு 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். அதாவது, நாம் நினைக்கும் 'படுமோசம்'கூட நிஜத்தைவிட நல்லதாகத்தான் இருக்கிறது!

ஒரே கடல், இரண்டு கணக்கு

பதினோராவது வாரம் முடிந்து ஊருக்குப் போகும்போது ரயில் பாம்பன் பாலத்தில் மெதுவாக ஊர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே பழைய பாலம். அப்போதுதான் உறைத்தது, கால மதிப்பீட்டைப் பற்றி இதைவிட நல்ல பாடப்புத்தகம் எங்கே கிடைக்கும்?

1964 டிசம்பர் 22 இரவு. தனுஷ்கோடியை அழித்த புயல், பயணிகளோடு ஒரு ரயிலையும் கொண்டுபோனது. 1914 முதல் நின்ற பாம்பன் பாலத்தில் 126 கர்டர்கள் கடலுக்குள் போய்விட்டன. சரிசெய்ய ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்று மாதமாக்கினார். பொறுப்பு இ. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியரிடம் வந்தது. பின்னாளில் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று பேர் வாங்கிய அதே ஸ்ரீதரன். பாலம் தயாரானது 46 நாளில்.

இன்னொரு கணக்கு நம் காலத்தது. புதிய பாம்பன் பாலத்துக்கு 2019 மார்ச்சில் அடிக்கல். 2021-க்குள் முடியும் என்றார்கள். திறந்தது 2025 ஏப்ரல் 6. நடுவில் கொரோனா வந்தது உண்மை. 2022 டிசம்பரில் பழைய பாலத்திலும் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லை. மூட்டை முடிச்சோடு மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி பஸ் பிடித்தவர்களில் நானும் ஒருவன்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் டக்கென்று ஒரு முடிவுக்கு வருவோம்: "அந்தக் காலத்து ஆளுங்க வேற மாதிரி. கெடுவை இறுக்கினா வேலை தானா நடக்கும்."

நிறைய மேனேஜர்கள் ஸ்ரீதரன் கதையை இப்படித்தான் படிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். என் கருத்தில் இது தவறான பாடம்.

46 நாள் எப்படிச் சாத்தியமானது? ஸ்ரீதரனின் திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் வேறு இரண்டு விஷயங்களும் உண்டு. ஒன்று, கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் ஷெர்சர் தூக்குப்பாலம் புயலில் தப்பிவிட்டது. பாலத்திலேயே சிக்கலான பாகம் அதுதான். போனதெல்லாம் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும் கர்டர்கள். இரண்டு, அந்தக் கர்டர்கள் கடலுக்கு அடியில் கிடப்பதை மீனவர்கள் காட்டிக்கொடுத்தார்கள். புதிதாகக் கொண்டுவரத் தேவையில்லை, தூக்கி மாட்டினால் போதும் என்று வேலையே மாறிவிட்டது. கர்டர் எல்லாம் போச்சு என்ற நிலையில் போட்ட எண் ஆறு மாதம். கர்டர் கிடைத்ததும் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

புதிய பாலத்தைப் பாருங்கள். 2.08 கிலோமீட்டர் நீளம். அதில் 99 கண்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, ஒவ்வொன்றும் 18.3 மீட்டர். மீதி ஒரே ஒரு கண், 72.5 மீட்டர் நீளம், அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே ஏற வேண்டும். கடல் மேல் இப்படி ஒன்றை இந்தியாவில் அதற்கு முன் யாரும் கட்டியதில்லை. 99 கண்ணில் பத்து முடிந்தால் மீதி 89-க்கு எவ்வளவு ஆகும் என்று சொல்லிவிடலாம். அந்த ஒற்றைக் கண்ணுக்கு யாரைக் கேட்பது?

எங்கள் தூக்குப்பாலம்

எங்கள் ஆப்பிலும் ஒரு தூக்குப்பாலம் இருந்தது. லாகின், டீசல் பக்கம், ஏலப் பக்கம், பங்குப் பக்கம்... இதெல்லாம் 99 கண் மாதிரி. ஒன்று செய்தால் அடுத்தது தெரியும். இவற்றுக்குச் சொன்ன மூன்று வாரம் நாலு வாரமானது. பரவாயில்லை.

ஆனால் நடுக்கடலில் சிக்னல் கிடையாது. படகில் போடும் கணக்கு போனிலேயே இருந்து, கரைக்கு வந்ததும் சேர வேண்டும். இதற்குள் கரையில் இருப்பவர் அதே கணக்கைத் திருத்தியிருந்தால்? எது சரி? இந்த ஆஃப்லைன் ஸிங்க்கை எங்கள் நால்வரில் யாரும் அதுவரை செய்ததில்லை. அதற்கு நாங்கள் எழுதியது நாலு நாள். ஆனது ஐந்தரை வாரம்.

இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். ப்ளானிங் போக்கரில் அந்த வேலைக்கு நான் காட்டிய சீட்டு 5. அதைச் செய்யப்போகிற நண்பன் காட்டியது 13. "ஏன் 13?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "அவ்வளவுல்லாம் ஆகாதுடா, இன்டர்நெட்ல லைப்ரரி கிடைக்கும்" என்று சொல்லி 5 என்று எழுதியது நான்தான். ஆறாவது வாரத்தில் "இவனால்தான் லேட்" என்று மற்ற மூன்று பேரும் பேசிக்கொண்டோம். அவன் காதிலும் விழுந்தது. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதினான். அந்த வாரம் நடந்த இன்டர்னல் தேர்வில் ஃபெயில்.

என்னுடைய தப்புக் கணக்குக்கு அவன் தூக்கத்தில் கைவைத்தேன். இந்தப் பதிவை எழுதக் காரணம் இதுதான்.

சரி, என்னதான் செய்யலாம்?

பட்டுத் தெரிந்துகொண்ட நாலு விஷயம்.

1. தூக்குப்பாலத்தை முதலில் கட்டுங்கள். இதுவரை செய்யாத வேலை எது என்று முதல் நாளே கண்டுபிடியுங்கள். அதற்குத் தேதி சொல்லாதீர்கள். இரண்டு மூன்று நாள் மட்டும் ஒதுக்கி, சின்னதாக ஒரு சோதனை நிரல் எழுதிப் பாருங்கள். அஜைலில் இதை ஸ்பைக் என்பார்கள். அதற்குப் பிறகு சொல்லும் எண்ணுக்குத்தான் மதிப்பு. நாங்கள் இதைக் கடைசியில் வைத்தோம்.

2. சீட்டு வித்தியாசப்படும்போது பேசுங்கள். ஒருவர் 5, இன்னொருவர் 13 என்றால் நடுவில் 8 என்று எழுதிவிட்டு நகராதீர்கள். மற்றவர்கள் பார்க்காத ஏதோ ஒன்றை 13 காட்டியவர் பார்த்திருக்கிறார். வேலை செய்யப்போகிறவர் அவர் என்றால் இன்னும் கவனமாகக் கேளுங்கள்.

3. எண்ணோடு காரணத்தையும் எழுதுங்கள். "நாலு வாரம்" என்பது பாதி வாக்கியம். "இன்ன லைப்ரரி வேலை செய்தால் ஆறு வாரம், செய்யாவிட்டால் பத்து" என்பது முழு வாக்கியம். காரணம் மாறினால் எண்ணும் மாறலாம், மாற வேண்டும். கர்டர் கிடைத்தபின்னும் ஆறு மாதத்தைப் பிடித்துத் தொங்குவது எவ்வளவு அபத்தமோ, லைப்ரரி காலை வாரியபின் நாலு வாரத்தைப் பிடித்துத் தொங்குவதும் அவ்வளவு அபத்தம்.

4. ஆசையை நம்பாதீர்கள், போன வாரத்தை நம்புங்கள். போன மூன்று ஸ்ப்ரிண்டில் 17, 16, 18 முடித்திருந்தால் அடுத்ததில் 17 எழுதுங்கள். 34 எழுதுவது தன்னம்பிக்கை இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் சொன்னது எவ்வளவு, ஆனது எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால், இரண்டு மாதத்தில் நம்முடைய பொய் என்ன அளவு என்று நமக்கே தெரிந்துவிடும்.

"அப்ப எஸ்டிமேட்டே வேண்டாமே?"

அப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்டோரி பாயின்ட்டைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸே, அதைப் பலர் தவறாகப் பயன்படுத்துவதைப் பார்த்து பின்னாளில் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். ஒரு டீமின் பாயின்ட்டை இன்னொரு டீமோடு ஒப்பிடுவது, பாயின்ட்டை வைத்து ஆளை எடைபோடுவது எல்லாம் நடக்கும்போது அவர் வருத்தம் நியாயம்தான்.

ஆனாலும் எஸ்டிமேட்டே வேண்டாம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சித்தப்பாவிடம் ஒருமுறை கேட்டேன், "நாளைக்கு எவ்வளவு மீன் படும்?" சிரித்துவிட்டார். "அதை எப்படிப்பா சொல்ல முடியும்? காத்து இருக்கு, நீரோட்டம் இருக்கு." ஆனால் அன்று சாயங்காலம் எத்தனை பார் ஐஸ், எத்தனை லிட்டர் டீசல் என்பதில் அவருக்குத் தயக்கமே இல்லை. ஐஸ் குறைந்தால் மீன் கெடும், கூடினால் காசு நஷ்டம். பல வருஷ நோட்டுகள் அவர் தலைக்குள் இருக்கின்றன.

அவருக்கு மதிப்பீடு என்பது ஒரு முடிவை எடுக்க உதவும் கருவி. மீன் இவ்வளவு படும் என்று அவர் யாருக்கும் சத்தியம் செய்து கொடுப்பதில்லை. மீன் படாவிட்டால் படகில் வந்த பையனை யாரும் திட்டுவதும் இல்லை.

நாம்தான் மதிப்பீட்டையும் வாக்குறுதியையும் குழப்பிக்கொள்கிறோம். ஆசிரியரோ மேனேஜரோ "எவ்வளவு ஆகும்?" என்று கேட்கும்போது, நாம் கேட்பது "எவ்வளவுன்னு சொன்னா உங்களுக்குப் பிடிக்கும்?" என்று. பிடித்த எண்ணைச் சொல்கிறோம். அந்த எண்ணை யாரோ ஒருத்தர் ராத்திரி விழித்து உண்மையாக்க வேண்டியிருக்கிறது.

நண்பன் அந்தத் தேர்வை மறுபடி எழுதிப் பாஸாகிவிட்டான். நான் மன்னிப்புக் கேட்டபோது, "விடுடா, அடுத்த தடவை என் சீட்டைப் பார்த்துட்டு எழுது" என்று மட்டும் சொன்னான். சித்தப்பா ஆப்பைப் பார்த்தார். நல்லா இருக்கு என்றார். நோட்டையும் விடவில்லை. :-)

உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு நீங்கள் எத்தனை வாரம் சொன்னீர்கள், எத்தனை வாரம் ஆனது? உண்மையான எண்ணோடு பின்னூட்டம் போடுங்கள். சிரிக்க மாட்டேன், சத்தியமாக.